சனாதிபதியை நீக்கும் குற்றப் பிரேரணை: குடிமக்கள் எங்கே கைகொடுக்கலாம்?

இலங்கையில் பதவியிலிருக்கும் சனாதிபதி ஒருவரைப் பாராளுமன்றம் நீக்கியது இதுவரை ஒருமுறைகூட நிகழவில்லை. அதற்கான வழி 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 38ஆம் உறுப்புரையில் எழுதப்பட்டிருக்கிறது. 1991இல் ஒருமுறை அந்தக் கதவு தட்டப்பட்டது. 2022இல் நாடே தெருவுக்கு வந்தது. ஆயினும் அன்றைய சனாதிபதி கோத்தாபய ராஜபக்ச அந்தக் கதவால் வெளியேற்றப்படவில்லை, விமானமேறிப் போய் வெளிநாட்டிலிருந்து பதவி விலகல் கடிதத்தை அனுப்பினார். ஆகவே, அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்த சனாதிபதி ஒருவர் சட்டப்படி நீக்கப்பட வேண்டும் என்று எண்ணும் குடிமக்கள், கோஷம் எழுப்புவதற்கு அப்பால் என்ன செய்யலாம் என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. எந்தக் கட்சியின் சனாதிபதிக்கும் பொருந்தும்படியாகவே இதனை எழுதுகிறேன்.

முதலில், எதற்காக நீக்கலாம்?

38(2) உறுப்புரை காரணங்களை எண்ணித் தந்திருக்கிறது. உடல் அல்லது மனத் தளர்ச்சியால் நிரந்தரமாகப் பணியாற்ற இயலாமை ஒன்று. அதைத் தவிர, வேண்டுமென்றே அரசியலமைப்பை மீறுதல், தேசத்துரோகம், இலஞ்சம், பதவியின் தத்துவங்களை (அதிகாரங்களை) துஷ்பிரயோகம் செய்யும் முறைகேடு அல்லது ஊழல், ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றம் ஆகிய ஐந்து. அரிசி விலை ஏறியது, வாக்குறுதி காற்றில் போனது, பேச்சில் இனவாதம் வீசியது போன்றவற்றுக்காக நமக்குக் கோபம் வருவது நியாயமே எனினும், அவை தம்மளவில் இந்தப் பட்டியலுக்குள் அடங்கா. பட்டியலில் மிக முக்கியமான சொல் "வேண்டுமென்றே" என்பதாகும். தவறு நடந்தது என்று காட்டினால் போதாது. செய்தவர் அறிந்து செய்தார் என்றும் காட்ட வேண்டும்.

நம்பிக்கையில்லாப் பிரேரணையையும் குற்றப் பிரேரணையையும் ஒன்றாகப் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. முன்னது பிரதமரையும் அமைச்சரவையையும் வீழ்த்தும். சனாதிபதியின் நாற்காலியை அது அசைக்காது. எந்தப் பிரேரணையைக் கேட்கிறோம் என்பது தெரியாமல் மகஜர் கொடுத்தால், அதை வாங்கும் பாராளுமன்ற உறுப்பினருக்குத் தப்பிக்கும் வழியை நாமே திறந்துவிடுகிறோம்.

கணக்கு

பாராளுமன்றத்தில் 225 பேர். அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 150 பேர், கையொப்பமிட்டுச் சபாநாயகரிடம் அறிவித்தல் கொடுத்தால் அது சபையின் நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெறலாம். அரைவாசிக்குக் குறையாதோர், அதாவது 113 பேர், கையொப்பமிட்டாலும் போதும். ஆனால் அப்போது குற்றச்சாட்டுகள் விசாரணைக்குத் தகுந்தவை என்று சபாநாயகர் திருப்தியடைய வேண்டும். அதன்பின் பிரேரணைக்குச் சமுகமளிக்காதோரையும் சேர்த்து மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களிக்க வேண்டும். நிறைவேறினால் குற்றச்சாட்டுகள் உயர் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே சனாதிபதி நேரிலோ சட்டத்தரணி மூலமோ தம் பக்கத்தைச் சொல்லலாம். அவர் குற்றவாளி என்று நீதிமன்றம் காரணங்களோடு அறிக்கையிட்டால்தான் பாராளுமன்றம் மீண்டும் 150 வாக்குகளால் அவரை நீக்க முடியும். இரண்டு தடவை 150, நடுவில் ஒரு நீதிமன்றம்.

இந்தக் கணக்கைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே வைப்பதற்குக் காரணம் உண்டு. 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் ஆளும் கட்சி 159 ஆசனங்களைப் பெற்றது. எதிரணி எல்லாம் சேர்ந்தால் 66. இப்படிப்பட்ட சபையில் எதிர்க்கட்சி அலுவலகங்களின் வாசலில் எத்தனை கூட்டம் வைத்தாலும் கையொப்பம் 113ஐ எட்டாது. 1989 தேர்தலில் வந்த சபையிலும் ஆளும் ஐக்கிய தேசியக் கட்சியிடம் 125 ஆசனங்கள் இருந்தன. குடிமக்களின் உழைப்பு போய்ச் சேர வேண்டிய இடம் ஆளும் கட்சியின் பின்வரிசை, அதாவது அமைச்சுப் பதவியில்லாத உறுப்பினர்கள்தான் என்பதை யாரும் மேடையில் சொல்வதில்லை; கைதட்டு வாங்கும் பேச்சு அதுவல்லவே.

1991: கையொப்பம் எப்படிக் கரைந்தது?

1991 ஓகஸ்ட் இறுதியில் சனாதிபதி பிரேமதாசவுக்கு எதிரான பிரேரணை சபாநாயகர் எம். எச். மொஹமட்டிடம் கையளிக்கப்பட்டது. எதிர்க்கட்சியினரோடு ஆளும் கட்சிக்குள்ளேயே லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க ஆகியோரின் தலைமையில் ஒரு குழு சேர்ந்திருந்தது. சபாநாயகர் அதனை ஏற்றுக்கொண்டதாகவே முதலில் அறிவித்தார். அப்படி ஏற்றுக்கொள்ளப்பட்ட பின் சனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைக்க முடியாதபடி 70ஆம் உறுப்புரை கையைக் கட்டுகிறது. ஆனால் கூட்டத்தொடரை ஒத்திவைப்பதை அது தடுக்கவில்லை. பிரேமதாச ஒத்திவைத்தார்.

அந்த இடைவெளியில் நடந்ததுதான் நமக்குரிய பாடம். ஆளும் கட்சி உறுப்பினர்கள் ஒருவர் ஒருவராக அழைத்துப் பேசப்பட்டனர். கையொப்பமிட்டோரில் சிலர் அதனை மீளப் பெற்றனர், சிலர் மறுத்துரைத்தனர். ஒக்டோபரில் சபாநாயகர், தேவையான எண்ணிக்கையில் செல்லுபடியான கையொப்பங்கள் இல்லை என்று கூறிப் பிரேரணையை நிராகரித்தார். முன்னின்றவர்கள் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அந்த வெளியேற்றம் செல்லும் என்று அவ்வாண்டு டிசெம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், 99(13) உறுப்புரையின்படி அவர்களின் ஆசனமும் போயிற்று.

அதாவது, ஓர் உறுப்பினர் அந்தத் தாளில் பேனையை வைக்கும்போது தன் ஆசனத்தையே பணயம் வைக்கிறார். அவருக்கு எதிரே கட்சிச் செயலாளர், அமைச்சுப் பதவி, வழக்கு, சில வேளைகளில் மிரட்டல் என்று எல்லாம் நிற்கின்றன. அவருக்குப் பின்னால் அந்த வாரங்களில் யார் நின்றார்கள் என்பதுதான் கேள்வி. கையொப்பம் வாங்கித் தருவது அரசியல்வாதிகளின் வேலை என்று வைத்துக்கொண்டாலும், வாங்கிய கையொப்பம் கரையாமல் பார்த்துக்கொள்வதில் குடிமக்களுக்குப் பெரிய பங்குண்டு.

தென் கொரியாவில் 2024 டிசெம்பரில் இதன் மறுபக்கத்தைக் காண முடிந்தது. சனாதிபதி யூன் சுக் யோல் 3ஆம் திகதி இரவு இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். 7ஆம் திகதி வாக்கெடுப்பில் ஆளும் கட்சியினர் பெரும்பாலோர் வெளிநடப்புச் செய்ததால், 200 வாக்குகள் தேவைப்பட்ட சபையில் 195 பேரே வாக்களித்தனர்; பிரேரணை விழுந்தது. சோர்ந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய மக்கள், இசைக் கச்சேரிகளுக்குக் கொண்டுபோகும் ஒளிக்கோல்களை ஏந்தியபடி அந்தக் குளிரில் பாராளுமன்றத்தின் முன் மறுபடியும் மறுபடியும் கூடினர். ஒரு வாரம் கழித்து, 14ஆம் திகதி, 204 வாக்குகள் விழுந்தன. 2025 ஏப்ரல் 4ஆம் திகதி அரசியலமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதியரசர்களும் ஒருமனதாக அவரை நீக்கினர். அங்கே வாக்கு இரகசியமானது என்பதை மறக்கக் கூடாது. இங்கே முதற் படியே பெயர் தெரியும் கையொப்பம். நம் உறுப்பினருக்குத் தேவைப்படும் துணிவு அதிகம். ஆகவே நம் துணையும் அதிகமாக வேண்டும்.

குற்றச்சாட்டை எழுதும் முறை

பிரேரணையில் குற்றச்சாட்டின் முழு விபரமும் இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பே கேட்கிறது. "ஊழல் மலிந்துவிட்டது" என்பது விபரமாகாது. ஒரு நல்ல மாதிரி 2018இல் நம் கண்முன்னே கிடைத்தது. அவ்வாண்டு நவம்பர் 9ஆம் திகதி சனாதிபதி சிறிசேன 2096/70 இலக்க அதிவிசேட வர்த்தமானி மூலம் பாராளுமன்றத்தைக் கலைத்தார். அன்று நடைமுறையிலிருந்த அரசியலமைப்பின்படி, சபை முதற்கூட்டத்திலிருந்து நாலரை ஆண்டுகள் கழியும்வரை, மூன்றில் இரண்டு பங்கினர் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டாலன்றி அவர் அதைக் கலைக்க முடியாது. சபை முதலில் கூடியது 2015 செப்டெம்பர் 1ஆம் திகதி. நாலரை ஆண்டு நிறைவது 2020இல். அந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்த 19ஆவது திருத்தமோ அவரது ஆட்சியிலேயே நிறைவேறியது. ஆவணம், திகதி, மீறப்பட்ட உறுப்புரை, அறிந்து செய்தார் என்பதற்கான தடயம் ஆகிய நான்கும் நான்கு வரியில் வந்துவிட்டன. சம்பந்தன் முதலானோர் தொடர்ந்த வழக்குகளில் டிசெம்பர் 13ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் ஒருமனதாக அந்தக் கலைப்பைச் சட்டவிரோதம் என்றனர். அவர்மீது குற்றப் பிரேரணை வரவில்லை. வந்திருந்தால் குற்றச்சாட்டு அநேகமாக இந்த வடிவில்தான் இருந்திருக்கும்.

இப்படிப்பட்ட வரிகளுக்கான பொருளைத் திரட்டுவதில் கட்சிகளைவிடக் குடிமக்களுக்கு அதிக பொறுமை இருக்கக்கூடும். வர்த்தமானிகள், கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகள், அரச நிறுவனங்களையும் அரச கணக்குகளையும் ஆராயும் பாராளுமன்றக் குழுக்களான கோப், கோபா ஆகியவற்றின் அறிக்கைகள், பாராளுமன்ற உரைகளின் பதிவேடான ஹன்சாட் ஆகியன எவரும் பார்க்கக் கூடியவை. அவற்றில் இல்லாததைத் தகவலறியும் உரிமைக்கான 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். அதற்கெனப் படிவம் இருந்தாலும் அது கட்டாயமன்று; வெறும் கடிதமும் செல்லும், காரணம் சொல்லவும் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். ஒரு கடிதத்தில் ஒரு விடயத்தை மட்டும் கேளுங்கள். "குறித்த கொள்வனவு தொடர்பான சகல ஆவணங்களும்" என்று கேட்டால் சகலமும் மறுக்கப்படும்; "இன்ன திகதிய அமைச்சரவைத் தீர்மானத்துக்குப் பின் இன்ன நிறுவனத்துக்கு வழங்கப்பட்ட முற்பணம் எவ்வளவு, ஒப்புதல் கடிதத்தில் யாருடைய கையொப்பம்" என்று கேட்டால் பதிலோ, மறுப்புக்கான காரணமோ எழுத்தில் வரும். மறுப்புக் கடிதமும் ஓர் ஆவணமே. பதிவுத் தபாலில் அனுப்பிய பற்றுச்சீட்டை அந்தப் பிரதியோடு குத்தி வையுங்கள்.

வதந்தியைச் சேர்க்க வேண்டாம். பத்துக் குற்றச்சாட்டில் ஒன்று பொய்யென நிறுவப்பட்டால், மற்ற ஒன்பதையும் படிக்காமலே தள்ளிவிடுவதற்கு அது போதுமானது.

மகஜரும் கடிதமும்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர் வாசிகசாலையில் வேறொரு விடயத்துக்காக ஒரு மகஜர் எழுதி, மூன்று நாளில் நானூறு கையொப்பம் திரட்டினோம். பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தபோது, உறுப்பினரின் செயலாளர் தாள்களை மெதுவாகப் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "தம்பி, இந்த ஐஞ்சு கையெழுத்தும் ஒரு கைதானே?" என்று கேட்டார். வீட்டுக்கு வீடு போகப் பஞ்சிப்பட்ட யாரோ, ஒரு குடும்பத்தின் பெயர்களை ஒரே நீலப் பேனையால் வரிசையாக எழுதிவிட்டிருந்தார். மீதி முந்நூற்றுத் தொண்ணூற்றைந்தும் உண்மையானவை. ஆனால் அதற்குப் பிறகு அந்த அறையில் நாங்கள் பேசிய எதற்கும் பாரம் இருக்கவில்லை. 1991இன் கதையை நான் பின்னாளில் வாசித்தபோது அந்த விரல்தான் நினைவுக்கு வந்தது.

ஆகவே சிறிய எண்ணிக்கையாயினும் சரியான கையொப்பமாக இருக்கட்டும். தாளின் தலைப்பிலேயே கோரிக்கை முழுமையாக அச்சிடப்பட்டிருக்க வேண்டும். வெற்றுத்தாளில் கையொப்பம் வாங்குவது எவருக்கும் எதிராகத் திரும்பக்கூடியது. பெயர், ஊர், தேர்தல் மாவட்டம், கையொப்பம் ஆகியன போதும். அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்க வேண்டாம்; அந்தத் தாள் யாருடைய மேசையில் போய்க் கிடக்கும் என்று நமக்குத் தெரியாது. படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டிய பின்பே கையொப்பம் பெறுங்கள், மறுப்பவரை வற்புறுத்தாதீர்கள்.

மகஜரைவிட வலுவானது தனிக் கடிதம். 196 உறுப்பினர்கள் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து விருப்பு வாக்குகளால் வருகிறார்கள். தமக்கு விருப்பு வாக்கு எங்கிருந்து வந்தது என்பதை அவர்கள் ஊர் ஊராக அறிவார்கள். அந்த ஊர்களிலிருந்து வரும் கடிதம் கொழும்பிலிருந்து வரும் அறிக்கையைவிட அவர்களைத் தூங்கவிடாமல் செய்யும். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேற்படக் கூடாது. அதன் முடிவில் தெளிவான ஒரு கேள்வி நிற்க வேண்டும். இப்படி எழுதலாம்:

"கௌரவ உறுப்பினர் அவர்களுக்கு, நான் தங்களது தேர்தல் மாவட்டத்தின் பதிவு செய்யப்பட்ட வாக்காளர். இன்ன திகதிய வர்த்தமானி மூலம் சனாதிபதி மேற்கொண்ட நடவடிக்கை அரசியலமைப்பின் இன்ன உறுப்புரையை வேண்டுமென்றே மீறியது எனக் கருதுகிறேன். அதற்கான ஆவணங்களின் பிரதிகளை இத்துடன் இணைத்துள்ளேன். 38(2) உறுப்புரையின் கீழான பிரேரணையில் தாங்கள் கையொப்பமிடுவீர்களா என்பதையும், இல்லையெனில் அதற்கான காரணத்தையும் எழுத்தில் அறியத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இதற்குப் பதில் வராவிட்டால் மூன்று வாரத்தில் ஒரு நினைவூட்டல் அனுப்பி, பின் நேரில் போகலாம். போகும்போது கட்சிக்காரரை மட்டும் அழைத்துச் செல்லாமல், அந்த உறுப்பினர் மதிக்கும் ஒரு பாடசாலை அதிபர், ஒரு மதகுரு, கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் ஒருவர் என்று நாலைந்து பேராகப் போவது நல்லது. 29 தேசியப்பட்டியல் உறுப்பினர்களுக்கு மாவட்டம் இல்லை. அவர்களுக்கு அவர்களது தொழில்சார் அமைப்புகள் மூலமே பேச வேண்டியிருக்கும்.

கையொப்பமிட்டவரை அதோடு விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே நன்றிக் கடிதம் எழுதுங்கள். அவரது ஊரில் வரவேற்புக் கூட்டம் வையுங்கள். கட்சி அவரை வெளியேற்றினால், 99(13)இன்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடுவதற்குச் சட்டத்தரணிகள் ஆயத்தமாக இருக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே அவருக்குத் தெரியப்படுத்துங்கள். தனியாக நிற்கிறோம் என்று நினைக்கும் மனிதர்தான் இரவில் வரும் தொலைபேசி அழைப்புக்கு வளைந்துகொடுப்பார்.

தெருவில் இறங்கும்போது

பேச்சு, அமைதியான ஒன்றுகூடல், சங்கம் சேர்தல் ஆகிய சுதந்திரங்கள் 14ஆம் உறுப்புரையில் உள்ளன. ஊர்வலமாயின் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின்படி குறைந்தது ஆறு மணி நேரத்துக்கு முன் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்; முத்திரையிட்ட பிரதியை ஒருவர் கையில் வைத்திருக்கட்டும். 2022 மே 9ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் சனாதிபதியைப் பதவி விலகக் கோரிப் போராடியோர் தாக்கப்பட்ட பின் நாடெங்கும் உறுப்பினர்களின் வீடுகள் எரிந்தன. நிட்டம்புவையில் பாராளுமன்ற உறுப்பினர் அமரகீர்த்தி அத்துகோரள கொல்லப்பட்டார். எந்தப் பின்வரிசை உறுப்பினர்களின் மனச்சாட்சியைத் தட்ட வேண்டியிருந்ததோ, அவர்கள் அன்றிரவு தம் உயிருக்கு அஞ்சி ஒளிந்தார்கள். உறுப்பினரின் வீட்டு வாசலுக்குப் போகாதீர்கள். அலுவலகத்துக்குப் போங்கள், பகலில், முன்னறிவித்தலோடு. இதைக் கோழைத்தனம் என்று சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை.

பக்கத்து வழி

பிரேரணைக்கு எண்ணிக்கை இல்லாத காலத்திலும் நீதிமன்றக் கதவு ஒன்று திறந்திருக்கிறது. சனாதிபதிக்குப் பதவிக்காலத்தில் வழக்குகளிலிருந்து விடுபாட்டுரிமை இருந்தாலும், அவர் உத்தியோகபூர்வமாகச் செய்தவை தொடர்பில் சட்டமா அதிபரை எதிர்மனுதாரராக்கி 126ஆம் உறுப்புரையின்கீழ் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்யலாம். 19ஆவது திருத்தம் தந்த இந்த உரிமையை 20ஆவது பறித்தது. 2022இல் 21ஆவது மீளத் தந்தது. மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பதால், அந்த மாதத்தில் ஆறுதலாக யோசித்திருக்க நேரமில்லை.

2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் 4க்கு 1 என்ற பெரும்பான்மையில், பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தால் கோத்தாபய, மகிந்த, பசில் ராஜபக்ச ஆகியோரும் அதிகாரிகள் சிலரும் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினர் என்று தீர்ப்பளித்தது. மனுதாரரில் ட்ரான்ஸ்பேரன்சி இன்டர்நெஷனலின் இலங்கைக் கிளையோடு முன்னாள் நீச்சல் வீரர் ஒருவரும் இருந்தார். பாராளுமன்றத்தில் ஓர் ஆசனமும் இல்லாதவர்கள். தீர்ப்பு வந்தபோது கோத்தாபய பதவியில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் "வேண்டுமென்றே", "துஷ்பிரயோகம்" போன்ற சொற்களோடு நாளை மல்லுக்கட்டப் போகும் எவருக்கும், அரசாங்க ஆவணங்களை வைத்து ஒரு குற்றச்சாட்டை எப்படிப் படிப்படியாக அடுக்குவது என்பதற்கு அந்தத் தீர்ப்பைவிட நல்ல பாடநூல் இல்லை.

தோற்ற பின்

பெரும்பாலும் தோற்கத்தான் போகிறோம். 2022 மே 17ஆம் திகதி, சனாதிபதிமீதான அதிருப்தியை உடனே விவாதிக்க சபை நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகளை இடைநிறுத்துமாறு எதிரணி உறுப்பினர் எம். ஏ. சுமந்திரன் கொண்டுவந்த பிரேரணையை 119 பேர் எதிர்த்தனர். 68 பேர் ஆதரித்தனர். அது குற்றப் பிரேரணைகூட அல்ல, வெறும் அதிருப்தி. இரண்டு மாதத்துக்குள் அந்தச் சனாதிபதி நாட்டிலேயே இல்லை. அன்று யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது ஹன்சாட்டில் அச்சாகியிருக்கிறது. உங்கள் மாவட்ட உறுப்பினர்களின் பெயர்களை அந்தப் பக்கத்தில் அடிக்கோடிட்டு, வாசிகசாலையின் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். விளக்கவுரை ஏதும் எழுத வேண்டியதில்லை.

திரட்டிய கோப்பையும் எறிந்துவிடாதீர்கள். சனாதிபதியின் விடுபாட்டுரிமை பதவியோடு முடிகிறது. வழக்குத் தொடர்வதற்கான காலவரையறையைக் கணிக்கும்போது அவர் பதவியிலிருந்த காலம் சேர்க்கப்படாது என்று 35ஆம் உறுப்புரை சொல்கிறது. தகவல் அலுவலரின் மறுப்புக் கடிதம், பதிவுத் தபால் பற்றுச்சீட்டு, உறுப்பினர் பதில் எழுதாத மூன்று நினைவூட்டல்களின் பிரதிகள் ஆகியவற்றைத் திகதி வரிசையில் அடுக்கி, இரண்டு பிரதி எடுத்து, இரண்டு வேறு வீடுகளில் வையுங்கள்.